பெட்டி தொலைந்தால் யாருக்குப் படிப்பு தொலையும்?

(அயல்நாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர்களிடையே இராமநாதபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு வழியில் என்னென்ன இடர்கள் வரும், அவற்றை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னார்கள். விமானம் தவறுவது, பெட்டி வராமல் போவது, விசா இழுத்தடிப்பது என்று இதற்கு யூடியூபில் எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன. பார்க்கச் சிரிப்பாகக்கூட இருக்கும். "துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். அப்பாவுக்கு போன் பண்ணினேன். வேறு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்" என்று ஒருவர் சொல்வார். அப்பா டிக்கெட் போட்டார் என்பது அந்தக் கதையில் ஒரு சின்ன வாக்கியம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய வாழ்க்கையில் அந்த வாக்கியமே கிடையாது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இடர் எல்லோருக்கும் வரும். வந்த பிறகு என்ன ஆகும் என்பதைச் சாதியும் சொத்தும் தீர்மானிக்கின்றன.

பாபாசாகேப் அம்பேத்கர் தன் வாழ்க்கையிலிருந்து சில நிகழ்ச்சிகளை எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிறு நூலின் தலைப்பு, விசாவுக்காகக் காத்திருத்தல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அது பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. தலைப்பைப் பார்த்துவிட்டுத் தூதரக வரிசையைப் பற்றிய நூல் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் வருகிற பயணங்கள் எல்லாம் சொந்த நாட்டுக்குள்ளேயே நடந்தவை.

அதில் முதல் நிகழ்ச்சி 1901ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவ், வீட்டுப் பிள்ளைகள் சிலரோடு அப்பா வேலை பார்க்கும் ஊருக்கு ரயிலில் போகிறான். வருகிறோம் என்று முன்பே கடிதம் போட்டாயிற்று. ஆனால் அந்தக் கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் நிலையத்துக்கு யாரும் வரவில்லை. இதிலென்ன, கடிதம் தவறுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்பீர்கள். ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளாக இருந்திருந்தால் நிலைய அதிகாரியே வண்டி பிடித்துக் கொடுத்திருப்பார். இவர்கள் மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தீட்டு என்று ஒரு வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவு முழுக்கப் பட்டினி கிடந்தார்கள். மற்றவர்களுக்கு அரைமணி நேரத் தாமதமாக முடிந்திருக்கக்கூடிய ஒன்று, சாதியால் இப்படி ஒரு இரவானது.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். பரோடா அரசின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போனவர், 1916இல் லண்டன் வந்து பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917இல் ஊர் திரும்பினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் ஒரு கப்பலில் வந்தார். பெட்டிகள் வேறொரு கப்பலில் வந்தன. பெட்டிகள் வந்த கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது. அரைவயிறு சாப்பிட்டுச் சேர்த்த புத்தகங்கள் கடலோடு போயின. இழப்பீடாகக் கிடைத்தது 600 ரூபாய். பரோடாவுக்கு வேலையில் சேரப் போவதற்கான செலவுக்கே அந்தப் பணம்தான் கைகொடுத்தது.

போர்க்காலத்தில் பெட்டி இழந்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. ஆனால் மற்றவர்கள் ஊர் வந்து இறங்கியதும் வீடு இருந்தது. இவருக்குப் பரோடாவில் தங்க ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவருமே தட்டிக்கழித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். நீர்மூழ்கிக்குத் தப்பி வந்தவரைச் சொந்த மண் இப்படி வரவேற்றது.

ஆனாலும் 1920இல் மீண்டும் லண்டன் போனார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவருடைய உழைப்பை நாம் எப்போதும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். கூடவே இன்னும் மூன்றைச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. கோல்ஹாப்பூர் சாகு மகராஜ் பண உதவி செய்தார். நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். அவகாசம், அரசு உதவி, நம்பிக்கையான கடன். அம்பேத்கர் போன்ற அறிவாளிக்கே இந்த மூன்றும் தேவைப்பட்டன. "திறமை இருந்தால் தானாக மேலே வரலாம்" என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்கு இதை நினைவுபடுத்துங்கள்.

இது மராட்டியக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மண்டபம் இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போகலாம். கொழும்பு ஐரோப்பியக் கப்பல்கள் நிற்கும் துறைமுகம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி இருந்தது. விசா வேலைக்கு நீங்கள் சென்னை போகிற ரயிலை இன்றும் போட் மெயில் என்றுதானே சொல்கிறோம்?

அந்த வழியில் எல்லோரும் ஒரே மாதிரி போகவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, காலரா, பிளேக் பயம் என்று நாள்கணக்கில் அடைத்து வைத்தார்கள். மேல்வகுப்புச் சீட்டு வைத்திருந்த கனவான்கள் நேரே போய்க் கப்பல் ஏறினார்கள். கிருமி டிக்கெட் பார்த்தா ஏறும்? அடைக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைக்கும் மக்கள்.

அதே மண்டபத்தில் இன்று ஈழத்து ஏதிலியர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர், அதாவது அன்று இந்த வழியாகப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர்கூட இந்தியக் குடியுரிமை உள்ளவராக இல்லையென்றால் பிறப்பால் குடியுரிமை இல்லை. அந்தத் தேதிக்கு முன், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கே, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் பாஸ்போர்ட்டுக்கு வழி பிறந்தது. முகாமில் உங்களோடு படித்த நண்பருக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தாலும் பயணம் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். விமானம் தவறுவதைப் பற்றிப் பேசும்போது அவரை மறந்துவிடக் கூடாது.

சரி, நீங்கள் போகிறீர்கள். என்ன செய்ய வேண்டும்?

முதலில் பணத்தின் நாள்கணக்கு. பிரிட்டன் மாணவர் விசாவுக்கு, காட்ட வேண்டிய தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும், அதாவது சுமார் 12 லட்சம் ரூபாய். அதற்கு முன் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். அரசு உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் இந்தப் பணத்துக்கு அதையே சான்றாகக் காட்டலாம். ஆகவே அந்தக் கடிதம் ஒரு மாதம் தாமதமானால் விசா தாமதமாகும், சேர்க்கைத் தேதி கடந்துவிடும்.

அடுத்தது டிக்கெட். மலிவாக இருக்கிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் கொண்டுசேர்க்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் நஷ்டம் உங்கள் தலையில். ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானத்தில் அங்கே போகும்போது, நிறுவனத்தின் காரணத்தால் மூன்று மணிநேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம்.

பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தைவிட்டு வெளியே வருமுன் கவுன்டரில் எழுத்துமூலம் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, நிரூபிக்கும் இழப்புக்கு ஏற்ப ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல்கூடக் கேட்க முடியும். பெட்டி சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். சான்றிதழ்களும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். இது தயவு கேட்பதில்லை, உங்கள் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆனால் எவ்வளவு கவனமாக இருந்தாலும், மேலே இருந்து வருகிற இடரை நீங்கள் தனியாகச் சமாளிக்க முடியாது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் நாடு முழுக்க ஆண்டுக்கு 125 இடங்கள்தான், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. 2025–26க்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வகுப்பு தொடங்கும் தேதி நிதிக்காகக் காத்திருக்குமா? 2022இல் இன்னொன்றும் செய்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்று விதியை மாற்றினார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்யாதே என்று இதற்குப் பொருள். 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளைப் பற்றியது. இன்றைய விதிப்படி அவருக்கே இடம் கிடைக்காது.

தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. நல்ல திட்டம். விண்ணப்பியுங்கள், தெருவில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அதோடு இரண்டைக் கேட்போம். கடிதமும் முதல் தவணையும் விசா நாள்கணக்குக்கு முன்பே வர வேண்டும். வழியில் இடர் வந்தால் உடனே கிடைக்கும் அவசர நிதி ஒன்று வேண்டும்.

அரசு தரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். முன்னே போனவர்கள் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி வைக்கலாம். நள்ளிரவில் தவறிய விமானத்துக்கு ஒரு டிக்கெட், இறங்கிய ஊரில் பத்து நாள் தங்க ஓர் இடம், ஒரு போன் எண். நவல் பதேனா ஒரு மனிதராகச் செய்ததை நாம் ஓர் அமைப்பாகச் செய்ய முடியும். அப்படிச் செய்தால் இந்தக் கடற்கரையிலிருந்து கிளம்பும் ஒரு பிள்ளையின் படிப்பு, ஒரு பெட்டியோடு சேர்ந்து தொலையாது.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். ஜெய் பீம்!