வளைகோலும் சிறு கல்லூரியின் பெருமிதமும்

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மேடையில் வளைகோல் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்னும் ஐயம் அவையில் சிலருக்கேனும் எழக்கூடும். ஊரார் ஹாக்கி என வழங்கும் ஆட்டத்தையே தமிழ்ப் பயிற்சியுடையோர் வளைகோல் பந்தாட்டம் என்பர். நுனி வளைந்த கோல் தமிழ் நிலத்திற்குப் புதியதன்று. கண்மாய்க் கரைகளில் காவல் இருக்கும் ஐயனாரின் கையில் உள்ள செண்டு அத்தகையதே. உக்கிரபாண்டியன் அச்செண்டால் மேருவை அடித்த வரலாற்றைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் தனியொரு படலமாகவே பாடினார். செண்டே ஹாக்கி மட்டை என்று சாதிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. அடித்த கை சிறிது. அடிபட்ட மலையோ பெரிது. சிறியது பெரியதன் எதிரே நிற்கும் அந்நிலையே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளைப் பேசுவதற்குத் திருப்பத்தூரினும் ஏற்ற இடம் அரிது. வடமேற்கே நிற்கும் பிரான்மலையே பாரியின் பறம்பு என்பது வழிவழி வந்த கொள்கை. முந்நூறு ஊர்களையே உடைய அக்குறுநில மன்னனை மூவேந்தரும் ஒருங்கே முற்றுகையிட்டும் எளிதில் வெல்ல இயலவில்லை. இன்றும் தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளுக்குப் பாரி என்று பெயரிட்டு மகிழ்கின்றனர். முற்றுகையிட்ட வேந்தர் மூவரின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? இனி, இவ்வூரை அடுத்த மகிபாலன்பட்டியே கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம் என்பர். அவருடைய புறப்பாட்டின் தொடக்கத்தை உலகம் அறியும். அப்பாட்டு சென்று முடியும் இடத்திலுள்ள அறமோ கடைப்பிடிக்கக் கடினமானது. பெருமையுடையாரைக் கண்டு மலைத்து நில்லாமையும், எளியாரை ஒருபோதும் தாழ்த்தாமையும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பெற்றுள்ளன. சிறு கல்லூரி ஒன்றின் அணி பேரணியை எதிர்த்துத் திடலில் இறங்கும்பொழுது நெஞ்சில் கொள்ள வேண்டிய பாடம் இதனினும் வேறில்லை.

1947இல் வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி கண்டபின், செட்டிநாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு எட்டும் தொலைவிற்கு வந்தது. திருப்பத்தூருக்கும் ஆறுமுகம் பிள்ளை சீதையம்மாள் கல்லூரி வாய்த்தது. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது. கல்லூரி ஆட்டத்தின் அமைப்பு எளியது. கல்லூரிகள் தம்முள் மோதுகின்றன. அவற்றுள் சிறந்து ஆடியோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பல்கலைக்கழக அணிகள் மண்டல அளவிலும் அகில இந்திய அளவிலும் மோதுகின்றன. ஆகவே, ஐந்நூறு பேர் பயிலும் கல்லூரியின் மாணவனுக்கும் ஐயாயிரம் பேர் பயிலும் கல்லூரியின் மாணவனுக்கும் திறந்திருக்கும் வாயில் ஒன்றே. திடலுக்குள் இரு பக்கமும் பதினொருவரே நிற்கலாம். எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் எத்துணைப் பெரிய கல்லூரியாயினும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவர்களே.

சிறு கல்லூரியின் சுவைஞர் பெருநகரச் சுவைஞரினும் வேறுபட்டவர். பெருநகரத்தார் வீரரைச் செய்தித்தாளில் அறிவர். இவரோ வீரரை மாலைப் பேருந்தில் அறிவார். இலக்குக் காவலர் இவரோடு ஒரே விடுதியில் உண்பவர். நடுக்கள ஆட்டக்காரர் இவரிடம் கணக்குப் பாடக் குறிப்பைக் கடன் வாங்கியவர். ஆதலின் அணி ஆறு கோல் வாங்கித் தோற்றாலும் இவர் திடலை விட்டு எழுந்து போவதில்லை. திருப்பி அடித்த ஒரு கோலைப் பத்தாண்டு பேசுவார். இதனை வெற்றியறியாதாரின் ஆறுதல் என எள்ளுவாரும் உளர். அஃது அவ்வாறன்று. வெற்றியை மட்டும் விரும்புபவர் அணி தோற்றவுடன் வேறோர் அணியைத் தேடிக்கொள்ளலாம். தம்மவரை விரும்புபவர்க்கு அவ்வசதி இல்லை.

சிற்றூர் தன் ஆட்டத்தால் நாட்டிற்கு என்ன தரக்கூடும் என்பதற்குக் கோவில்பட்டியே சான்று. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அவ்வூர், ஹாக்கிக்கும் அத்துணைப் பேர் பெற்றது. பள்ளித் திடல்களில் பிள்ளைகள் மட்டை பிடித்து வளர்ந்தனர். அரசின் விளையாட்டு விடுதி பின்னர் அவர்களுக்குத் துணை நின்றது. அவ்வூர் மாரீசுவரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து சென்று அங்குப் பயின்ற கார்த்தி செல்வமும் 2022 மே மாதம் சகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்கு ஆடினர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியா அடித்த ஒரே கோல் கார்த்தியுடையது. அப்போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு சென்னையில் மலேசியாவை 4-3 என வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றிய அணியிலும் கார்த்தி இருந்தார். பெருநகரக் கழகங்களின் செல்வ வளத்தில் இவ்விருவரும் விளைந்தவரல்லர்.

குடகு நாட்டில் இப்பெருமிதம் குடும்பப் பெயரையே தாங்கி நிற்கிறது. 1997இல் பாண்டண்ட குட்டப்பா தொடங்கிய ஹாக்கி விழாவில் அணிகள் யாவும் குடும்பங்களே. 2024இல் நாப்போக்லுவில் 360 குடும்பங்கள் ஆடின. கடல் கடந்து அமெரிக்காவில் பனித்தரை ஹாக்கியிலும் இதே கதை உண்டு. நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 2014இல் பயின்றோர் ஏறத்தாழ 2,200 பேர். விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காமலே அக்கல்லூரி 2014 ஏப்ரலில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பேரணியை 7-4 என வென்று நாட்டின் கல்லூரி வாகையைச் சூடியது. பனித்தரையும் செம்மண் தரையும் வேறு, நெஞ்சு ஒன்றே.

ஆயினும் இனிய சொற்களோடு இப்பேச்சை நிறுத்திவிடலாகாது. சிறு கல்லூரியின் காலடியிலிருந்து தரையே நழுவி வருகிறது. 1928 முதல் 1972 வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் இந்திய ஹாக்கி அணி பதக்கத்தோடு திரும்பியது. 1976இல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் நடந்தது. இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கியது. வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றபின், அடுத்த பதக்கத்திற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நெடிய வறட்சிக்குத் தளம் ஒன்றே காரணமாகாது. எனினும் அது பெருங்காரணங்களுள் ஒன்று. மண் தரையில் பந்து துள்ளும், திசை மாறும். அதனை அடக்கும் மணிக்கட்டே வீரனின் மூலதனம். செயற்கைத் தளத்தில் பந்து வழுவழுவென ஓடும். அங்கே விரைவும் மூச்சும் முதலிடம் பெறும். மண்ணில் மட்டுமே ஆடிய மாணவன் தேர்வு நாளன்று அத்தளத்தில் முதன்முறையாகக் கால் வைத்தால், அவன் தோற்பது திறமைக் குறைவாலா, பழக்கக் குறைவாலா?

அத்தளம் அமைக்கக் கோடிக்கணக்கில் பொருள் வேண்டும். அதன் வழக்கமான வகைக்கு ஆட்டந்தோறும் நீர் தெளிக்க வேண்டும். ஊருணி நிரம்பினால் ஊரே மகிழும் இவ்வட்டாரத்தில், திடலுக்கு நீர் பாய்ச்சச் சொல்வது எளிதன்று. நீர் குறைவாகவே வேண்டும் தளங்களைப் பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு இப்பொழுது நாடி வருவது நல்ல செய்தி. ஆனால் அவை செட்டிநாட்டிற்கு வரும்வரை பிள்ளைகளின் வயது காத்திராது.

சுவைஞரின் குறை இதுவாயின், கல்லூரிகள்பால் உள்ள குறையும் ஒன்றுண்டு. பெருமிதத்தைப் பொருள் கொடுத்து வாங்க முயலும் நிறுவனங்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. வகுப்பின் வாயிலைக் கண்டறியாத வீரரைப் பெயருக்குச் சேர்த்துக் கோப்பை ஒன்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடலாம். அக்கோப்பையைப் பார்த்து மாணவர் எவரும் இவர் என் தோழர் என்று சொல்ல முடியாது. பாரியின் புகழ் கூலிப்படையால் வந்ததன்று. தன் மாணவரை ஆடவிட்டுத் தோற்ற கல்லூரி அடுத்த ஆண்டு வெல்லக்கூடும். வந்தவரை ஆடவிட்டு வென்ற கல்லூரிக்கு அவர்கள் போனபின் எஞ்சுவது ஒன்றுமில்லை.

செய்யத்தக்கன சில உள. இருக்கும் மண் திடலைக் கருவேல முள்ளுக்கு விட்டுவிடாமல் சமன்செய்து காப்பது முதற்கடமை. 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள முழுத்திடல் இல்லாத இடத்தில் ஐவர் ஆட்டம் ஆடலாம். அதற்குச் சிறு பரப்பு போதும். 2024இல் மஸ்கட்டில் நடந்த அதன் முதல் உலகக் கோப்பையில் இந்திய மகளிர் வெள்ளி வென்றனர். மூன்றாவதாக, 2025இல் 24 நாடுகள் ஆடிய இளையோர் உலகக் கோப்பையின் ஆட்டங்கள் சென்னையோடு மதுரையிலும் நடந்தன. உலகமே திருப்பத்தூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிற்கு வந்து ஆடிச் சென்றிருக்க, இங்குள்ள பிள்ளைகளைத் திங்களுக்கு இருமுறையேனும் அத்தளத்திற்கு அழைத்துச் செல்ல ஒரு பேருந்து வேண்டும். அவ்வளவே.

அப்பேருந்தை யார் தருவது? 1901இல் தொடங்கிய சென்னையின் பழம்பெரும் ஹாக்கிப் போட்டி இன்று முருகப்பா தங்கக் கோப்பை எனப் பெயர் தாங்குகிறது. அப்பெயருக்குரிய குடும்பத்தின் வேர் இச்செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உள்ளது. கோயிலும் ஊருணியும் பள்ளியும் கண்ட இம்மண்ணின் கொடை, சிற்றூர்த் திடல்களையும் ஒருமுறை திரும்பிப் பார்க்குமாயின் அது புதிய அறமன்று. பழைய அறத்தின் தொடர்ச்சியே ஆகும்.

மாலை வேளையில் ஏதேனும் ஒரு கல்லூரித் திடலின் ஓரம் சென்று நின்று பார்ப்போர் அறிவர். புழுதி எழும், மட்டைகள் மோதும், தோற்கும் அணிக்காக நாலைந்து பேர் குரல் வற்றக் கூவிக்கொண்டிருப்பர். பெரியதைக் கண்டு மலையாமலும் சிறியதை இகழாமலும் வாழ்வது எங்ஙனம் என்று பூங்குன்றனாரைக் கற்போர் வினவினால், அந்த நாலைந்து பேரைச் சுட்டிக் காட்டலாம். அடுத்த முறை அவ்வழியே செல்லும் இவ்விலக்கிய வட்டத்தினர் சற்று நின்று, அவர்களோடு ஒரு குரல் சேர்ப்பார்களாக!