பண்டிதர் வீட்டுச் சங்கீதம்

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சாலை வழியாகப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே வாத்தியாராக இருந்தார். அந்த நாளில் மூலிகை தேடிச் சுருளிமலைக்குப் போனவருக்குக் கருணானந்தர் என்ற சித்தரின் அருள் கிடைத்தது. வைத்தியம் கைவந்தது அவரால்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பண்டிதர் வேதப் புத்தகத்தை விடாத கிறிஸ்தவர். ஏசுவைப் பாடிக் கீர்த்தனைகள் எழுதியவர். ஆனால் பின்னாளில் தஞ்சைக்கு வந்து தோட்டம் போட்டபோது அதற்கு வைத்த பெயர் கருணானந்தபுரம். விற்ற மருந்துகளின் பெயர் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள். குருவின் பெயரைச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடும் என்று அவர் நினைக்கவே இல்லை. இன்று நமக்குத்தான் இது ஆச்சரியமாகப் படுகிறது.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். தஞ்சைப் பெண்கள் பள்ளியில் அம்மையார் தலைமையாசிரியை; கணவர் அதே பள்ளியில் தமிழாசிரியர். வீட்டில் யார் பேச்சு எடுபட்டதோ, பள்ளியில் அம்மையார் பேச்சுதான்! 1890-ல் பள்ளி வேலையை விட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார்கள். மருந்து நாடெங்கும் போயிற்று, பணம் வந்தது. அந்தப் பணம் சங்கீதத்துக்குப் போன வழிதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

பாட்டு கற்பவர்களுக்கு ஆரம்பப் பாடமான கீதங்கள் பெரும்பாலும் தெலுங்கில் இருந்தன. பொருள் தெரியாமல் பாடுவானேன் என்று தமிழிலேயே கீதங்கள் இயற்றி, 1907-ல் அச்சிட்டார். 1911-ல் பொன்னம்மாள் காலமானார். பிறகு மறுமணம் செய்துகொண்டார். 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்துத் தன் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார்.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒரு ஸ்தாயியில் சுருதி, அதாவது நுண்ணிய சுர இடைவெளி, எத்தனை? சங்கீத ரத்னாகரம் என்ற பழைய இசை நூல் 22 என்கிறது. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் பிரித்துவைத்துக்கொண்டு, பழந்தமிழர் கணக்கில் 24 என்றார். பன்னிரண்டு சுரத்தானங்கள், ஒவ்வொன்றும் இரண்டாக. எல்லாரும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். இன்றும் வழக்கு தீரவில்லை. ஆனால் தமிழிசையின் வேரைத் தேடிப் போனவர்கள் யாரும் அவர் வாசலைத் தாண்டிப் போனதில்லை.

1916-ல் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. பெரிய பெரிய உஸ்தாதுகள், பண்டிதர்கள் கூடிய சபை. அங்கே தன் கட்சியை நிரூபிக்க அவர் அழைத்துப்போனது தன் வீட்டுப் பெண்களை. மரகதவல்லி, கனகவல்லி இருவரும் பாடியும் வீணை மீட்டியும் காட்டினார்கள். குடும்பத்துப் பெண்கள் சபையேறிப் பாடத் தயங்கிய காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. தஞ்சையில் தாமே நிறுவிய லாலி அச்சுக்கூடத்தில் அச்சான பிரம்மாண்டமான நூல். இரண்டாம் பாகத்தை அச்சில் பார்ப்பதற்குள், 1919 ஆகஸ்டில், பண்டிதர் கண்மூடினார். தான் வளர்த்த தோட்டத்திலேயே அடக்கமானார்.

இரண்டாம் பாகம் வெளிவந்தது 1946-ல். 27 ஆண்டுகள் கழித்து அதைக் கொண்டுவந்தவர், பரோடாவில் பாடிய அதே மரகதவல்லி.