கட்டியக்காரன் எந்த நூலில் பிறந்தான்?

(செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மூன்று மலைகளை ஒரு மதிலால் பிணைத்த இக்கோட்டை, 2025 சூலைத் திங்களில் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது. ஏறிய பெயரோ மராட்டியப் படையரண்களின் பெயர்! அத்தொகுதியிலுள்ள 12 கோட்டைகளுள் 11 மராட்டிய மாநிலத்தவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. சிவாசி இதனைக் கைப்பற்றியது 1677-இல். அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன்பே ஆனந்தக்கோன் இங்கு அரண் எடுத்தான் என்பது வழிவழிச் செய்தி. கல்லுக்கே இந்நிலை என்றால், ஏட்டிலும் ஏறாத சிரிப்புக்கு எவர் பட்டயம் எழுதித் தருவார்?

இன்றைய உரை அச்சிரிப்பைப் பற்றியது.

அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய 'சவுத்து பார்க்கு' என்னும் அசைவூட்டத் தொடரை இளைஞர் பலர் அறிவர். அது சிறுவர்க்கன்று, வளர்ந்தோர்க்கு. அதில் கென்னி என்றொரு பையன். தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ ஒவ்வொரு கதையிலும் சாவான். அடுத்த கதையில் ஒன்றும் நடவாதது போல் வந்து நிற்பான். எப்படி வந்தான் என்று கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. அதன் முதற்கதையை வண்ணத்தாளை வெட்டி, சிறிது சிறிதாய் நகர்த்திப் படம்பிடித்தனர். இத்தகைய நகை தமிழனுக்கு ஏது என்று படித்த பிள்ளைகளே வினவுகின்றனர்.

தாளுக்கு மாறாக ஆட்டுத்தோல். படப்பொறிக்கு மாறாக விளக்கும் வெண்டிரையும். இதுதான் தோற்பாவைக் கூத்து. மணிவாசகர் தம்மை அப்பாவைக்கு ஒப்பிட்டுக் கொண்டார். மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டுவதை வள்ளுவர் 1020-ஆம் குறளில் உவமையாக்கினார். இராமகதை நடக்கும் திரையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திடுமென நுழைவர். எந்த இராமகதை நூலிலும் இவர்கள் இல்லை. யார் மக்கள், எவ்வூரார் என்ற விளக்கமும் இல்லை. அடிப்பர், அடிபடுவர், இரட்டைப் பொருள்படப் பேசுவர். மறைக்க வேண்டாத செய்தி ஒன்றுண்டு: பாவையாட்டும் மண்டிகர் குடும்பங்களின் வீட்டுமொழி மராத்தி. ஆயினும் திரைக்குப் பின்னிருந்து அவர்கள் சிரிக்க வைத்தது தமிழில்! கோட்டைக்கு உரிமை கொண்டாடுவோர் இதையும் எண்ணுக.

செஞ்சிக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. பழஞ்செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் திரௌபதையம்மன் கோயில் உள்ளது. அவ்வழிபாட்டை ஆய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் இல்டெபைட்டல், 1988-இல் வெளிவந்த தம் நூலின் பெயரிலேயே செஞ்சியைக் குருச்சேத்திரத்தோடு இணைத்தார். இவ்வட்டாரத்தில் பகலெல்லாம் பாரதம் படிப்பர். இரவெல்லாம் தெருக்கூத்து ஆடுவர். பிடித்த திரைக்குப் பின்னே துரியோதனன் முடியோடு நிற்க, முன்னே நிற்பவன் கட்டியக்காரன். "நீ யாரடா?" என்று அரசனையே கேட்பான். அவனே வாயிலோன், அவனே தூதன், வேண்டும்போது எவனும் ஆவான். அரசன் வடசொல் விரவிய விருத்தம் பாடுவான். கட்டியக்காரன் ஊர்த்தமிழில் அதற்குப் பொருள் கேட்டுக் கவிழ்ப்பான். வரகு விலையும் ஊர்த்தலைவன் ஊழலும் அத்தினாபுரத்து அவைக்கு வருவது அவன் வாய்வழியே.

இயக்கத்தார் சிலர் கூத்தையே வெறுப்பர். கதை வடவர் கதை, பேச்சோ கொச்சை என்பர். கதை வடவருடையது, உண்மை. ஆனால் வியாசர் பாரதத்தைப் புரட்டிப் பாருங்கள். கட்டியக்காரன் அதில் கிடையான்! நூலில் பிறக்காதவனை ஈன்றது யார்? களத்துமேட்டில் கண்விழித்திருந்த உழவனும் அவன் மனையாளும் அல்லரோ? வடமொழி நாடகத்து விதூடகனின் வழி இவன் என்பாரும் உளர். அவன் பார்ப்பனன், அரசனின் தோழன், உண்டிப் பித்தன். இவனோ எவனுக்கும் தோழனல்லன்.

கொச்சை பற்றியும் ஒரு சொல். பெண்டிரை இழிக்கும் பேச்சும் பிற சாதியாரைப் பழிக்கும் பேச்சும் கூத்தில் உண்டு; அவை போகட்டும். அரசனைக் கேலி செய்யும் வாயையும் சேர்த்துக் கழுவிவிட்டால் மேடையில் மிஞ்சுவது அரசன் மட்டுமே. விடிய விடிய ஆடும் கூத்தை அரங்குக்கென அரைமணியாகச் சுருக்குவோர், வெட்டும்போது கட்டியக்காரன் மீது கை வையாதிருக்க வேண்டும்.

கணிப்பொறியில் படம் வரையக் கற்ற பிள்ளைகள் இவ்வூரிலும் இருக்கின்றனர். அவர்கள் மேலச்சேரிக்கு ஓர் இரவு சென்று, திரை பிடித்ததும் முதலில் எவன் வருகிறான் என்று பார்க்கட்டும். அவனை வரையட்டும். அவன் யாரென்று விளக்க வேண்டா.