எந்த ஊர், எந்தத் தெரு?



வெள்ளி விழா மேடையில் இருபத்தைந்து ஆண்டுச் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. செயலாளர் அவர்கள் அறிக்கையை விரிவாகப் படித்துவிட்டமையால், அப்பணி எங்களுக்கு மிச்சமில்லை. மாலைப் பள்ளி மாணவர்களை அழைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நாங்கள் சென்று வந்த ஒருநாள் பயணத்தைப் பற்றியே பேச விழைகின்றோம்.

வடலூர் நமக்கு அண்டை ஊர். தைப்பூசத்திற்கு நடந்தே போய் வருபவர்கள் நம்மில் பலர். அருகில் இருக்கும் பொருளை நாம் உற்று நோக்குவதில்லை. 1867ஆம் ஆண்டில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. சாதி, சமயம், ஊர், நாடு என்று எதனையும் கேளாது, பசித்தவர் எவராயினும் அவருக்கு உணவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. பந்தியில் எங்கள் மாணவன் ஒருவனுக்கு அருகே முதிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். அவன் ஊரைச் சொன்னான். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தான். "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றார் அம்மையார். அவ்வளவுதான்.

அந்த அடுத்த கேள்வி எது என்பதனை இந்த அவைக்கு விளக்க வேண்டுவதில்லை. எந்த ஊர் என்ற வினாவுக்குப் பின்னால் எந்தத் தெரு என்ற வினா வரும். தெருவைச் சொன்னால் எல்லாம் சொல்லியாயிற்று.

1872இல் எழுந்த சத்திய ஞான சபையின் வாயிலில் மற்றொன்று நேர்ந்தது. புலால் உண்ணாதவர் மட்டுமே உள்ளே வரலாம் என்னும் விதியை அறிந்த ஒரு மாணவன், "ஐயா, இங்கேயும் நாம் வெளியிலேதானா?" என்றான். சினங்கொள்ளத்தக்க கேள்வியன்று. பிறப்பினால் வாயில் மூடப்படுவது வேறு. தானே மேற்கொள்ளவோ மறுக்கவோ இயன்ற உணவுப் பழக்கத்தினால் மூடப்படுவது வேறு என்று சொன்னோம். அவன் முழுதும் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கும் சபையைக் காட்டிலும் சாலையே நெருக்கமாகப்பட்டது. இலைக்கு முன் அமர்ந்தவனிடம் நேற்று என்ன உண்டாய் என்றுகூட அங்கு எவரும் வினவுவதில்லை.

வடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில் பேருந்து நின்றது. தேநீர்க் கடைக்குச் சென்றோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். குறிஞ்சிப்பாடி என்றோம். குறிஞ்சிப்பாடியில் எங்கே என்றார். ஒரு மாணவன் உண்மையைச் சொன்னான். எங்களுக்குக் காகிதக் குவளைகளில் தேநீர் வந்தது. பிறர் கண்ணாடிக் குவளைகளில் குடித்துக்கொண்டிருந்தனர். "கிளாஸ் இல்லையா?" என்று அவன் கேட்டதற்கு, "தீர்ந்துபோச்சு" என்று விடை வந்தது. கழுவிக் கவிழ்த்த குவளைகள் எங்கள் கண்ணெதிரே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் எதிர்த்துப் பேச முற்பட்டபோது, பேருந்து புறப்படுகிறது என்று சொல்லி அவர்களை அடக்கியவர்கள் நாங்களே. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. இரண்டையும் வகுப்பில் பாடமாக நடத்துகிற நாங்கள், காசைக் கொடுத்துவிட்டு வெளியேறினோம். பேருந்தில் வெகுநேரம் எவரும் பேசவில்லை.

சிதம்பரத்தில் ஓமக்குளத்தருகே இறங்கினோம். நந்தனார் தீக்குளித்த இடம் என்று கருதப்படும் அப்பகுதியில், நந்தனார் பெயராலேயே 1916ஆம் ஆண்டில் பள்ளி கண்டவர் சுவாமி சகஜானந்தர். அவருடைய வாழ்வே ஒரு நெடும்பயணம் என்பதனை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1890இல் ஆரணிக்கு அருகிலுள்ள சிற்றூரில் முனிசாமி என்னும் பெயரோடு பிறந்தார். திண்டிவனத்தில் கிறித்தவப் பள்ளியில் பயின்றார். பிழைப்புத் தேடிய பெற்றோருடன் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து துறவியானார். துறவு பூண்டவர் மலைக்குகையை நாடிச் சென்றிருக்கலாம். அவரோ சிதம்பரம் வந்து, நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். சட்டமன்றத்திலும் பல்லாண்டுகள் இருந்து நமக்காகப் பேசினார். 1959இல் அவர் மறைந்தார். பள்ளி மறையவில்லை.

ஆலயத்துள் செல்வதற்கு நந்தனார் நெருப்பில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்று புராணம் கூறும். 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டத்திற்குப் பின் நெருப்பு தேவைப்படவில்லை. எனினும் சகஜானந்தர் அச்சட்டத்திற்கு முப்பதாண்டுகள் முன்னரே, வாயில் திறக்கட்டும் என்று காத்திராமல், வேறொரு வாயிலைக் கட்டத் தொடங்கிவிட்டார் என்பதே எங்கள் கணிப்பு.

தெருவைப் பற்றிப் பேசினோம். பொதுத் தெருக்களிலும் சாலைகளிலும் நாம் நடக்கலாம், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசனார். கப்பலேறித் தென்னாப்பிரிக்கா சென்று பல்லாண்டுகள் வாழ்ந்து திரும்பியவர் அவர். கடல் கடந்த தேசங்களில் நடமாடியவருக்குத் தம் நாட்டுத் தெருவில் நடக்கத் தீர்மானம் தேவைப்பட்டது என்றால், அதனை எண்ணிச் சிரிப்பதா, அழுவதா?

அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அடுத்து இலண்டனில் பயின்றார். அந்நாடுகளில் வாழ்ந்த காலத்தில் தாம் தீண்டத்தகாதவர் என்னும் நினைவே தம்மை விட்டு அகன்றிருந்தது என்று அவரே எழுதியுள்ளார். தாயகம் திரும்பிப் பரோடாவில் வேலை ஏற்றபோது, தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். தடிகளோடு வந்து வெளியேற்றினர். காகிதக் குவளையால் மனம் நொந்த எங்கள் மாணவர்களுக்கு, திரும்பும் வழியில் இந்நிகழ்ச்சியைச் சொன்னோம். "அவர் அதற்குப் பிறகு ஏன் திரும்பவும் வெளிநாட்டிலேயே போய் இருந்துவிடவில்லை?" என்று கேட்டான், குவளை கேட்ட அதே மாணவன். அவர் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார், படிப்பை முடித்தார், மீண்டும் வந்துவிட்டார் என்றோம்.

நம் மாவட்டத்துக்காரர் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் அவர்களும் இவ்வாறே இந்திய நாடெங்கும் சுற்றினார். 1965இல் அமைந்த தீண்டாமை ஆய்வுக் குழுவுக்குத் தலைவராக இருந்து, 1969இல் அறிக்கை அளித்தார்.

இத்தனையும் பேசிய பின்பு நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? பயணத்திற்கு வந்த மாணவர்களில் புதிரை வண்ணார் குடும்பத்துப் பிள்ளை ஒருவரும் இல்லை. நம் துணியை வெளுத்து, நம் வீட்டு நல்லது கெட்டதுகளில் முன்னின்று உழைத்த குடும்பங்கள் அவை. அவர்கள் கையில் நீர் வாங்கிக் குடிக்க நம்முள் எத்தனை வீடுகள் மனமுவந்து முன்வரும்? கழகத்தின் கதவு அனைவருக்கும் திறந்திருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். திறந்த கதவின் உள்ளே உட்கார்ந்திருந்தோமேயன்றி, எழுந்து சென்று அழைத்தோமில்லை. தேநீர்க் கடைக்காரரை நோக்கி நாம் கேட்கத் தவறிய கேள்வியை, எவரேனும் நம்மை நோக்கிக் கேட்டால் நம்மிடம் விடை இல்லை. பேருந்தில் நிலவிய மௌனத்திற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கின்றோம். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் நிர்வாகிகள் அக்குடும்பங்களின் இல்லங்களுக்கு நேரில் சென்று, அவர்களுடன் அமர்ந்து உண்டு, பிள்ளைகளை மாலைப் பள்ளிக்கு அழைத்தல் வேண்டும். அடுத்த பயணத்தில் பெண் பிள்ளைகளும் தாய்மார்களும் பாதியளவேனும் இருத்தல் வேண்டும். அப்பயணம் அதே வழியில், அதே தேநீர்க் கடையில் நின்றே செல்லும். இம்முறை பேருந்தை நாமே வாடகைக்கு அமர்த்தியிருப்போம். புறப்படுகிறது என்று எவரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் கணக்கரிடம் பதிவு செய்துகொள்ளலாம். குவளை கேட்ட மாணவன் தன் பெயரை முதலாவதாக எழுதிவிட்டான்.