ஊற்றைத் திறந்து விடுக!

(குன்றத்தூரில் தமிழன்பர்கள் கூடிய கூட்டத்தில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சேக்கிழார் பிறந்த ஊரில் நின்று மென்பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தமிழ்ப் பற்றாளர் கூட்டத்தில் கணிப்பொறிக்காரனுக்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவர்களிடம் ஒன்று கேட்கின்றேன். உங்கள் கைப்பேசித் திரையில் தமிழ்ச்சொல் ஒன்று தோன்றுகின்றதே, அதை அங்கே இட்டவர் யார்? அது பிழையான சொல்லாயின், அல்லது தமிழெழுத்தில் எழுதப்பட்ட ஆங்கிலச் சொல்லாயின், அதை நீக்கிவிட்டு நல்ல தமிழ்ச்சொல்லை இடும் உரிமை உங்களுக்கு உண்டா?

பெரும்பாலான மென்பொருள்களில் இல்லை. அவ்வுரிமை உள்ள மென்பொருள்களும் உலகில் உண்டு. அவற்றைப் பற்றியதே என் பேச்சு.

மென்பொருளை எழுதுவோர் முதலில் மாந்தர் படித்தறியக்கூடிய வடிவில் எழுதுகின்றனர். அஃது ஊற்றுநிரல் எனப்படும். பின்னர் அது பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்கோவையாக மாற்றப்படும். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் நமக்கு விற்பது அவ்வெண்கோவையை மட்டுமே. ஊற்று அவர்கள் பேழைக்குள் பூட்டிக் கிடக்கும். ஊற்று கையில் இல்லாதவன் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது.

இப்பூட்டின் கொடுமையை யான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரகடத்தை அடுத்த உந்து உறுப்புத் தொழிலகம் ஒன்றில் நிரலராகப் பணியாற்றினேன். அங்கிருந்த அழுத்துபொறிகளின் திரையில் எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். பொறியருகே நிற்பவர்களோ செய்யாற்றிலிருந்தும் உத்தரமேரூரிலிருந்தும் விடியுமுன் பேருந்தேறி வரும் இளைஞர்கள். காப்புக் கதவு திறந்திருக்கின்றது, கையை எடு என்னும் பொருளில் செந்நிற வரியொன்று மின்னும். அதை எழுத்துக்கூட்டிப் பொருள் கொள்ளுமுன் ஓர் இளைஞனின் விரல்நுனி நசுங்கிற்று.

எச்சரிக்கைகள் அனைத்தையும் தமிழாக்கி, பொறியை விற்ற அயல்நாட்டு நிறுவனத்துக்கு விடுத்தோம். இச்சொற்களைத் திரையில் இட்டுத் தாருங்கள். இயலாதாயின் ஊற்றுநிரலைத் தாருங்கள், நாங்களே இட்டுக்கொள்கிறோம் என்று கேட்டோம். ஊற்றுநிரல் தங்கள் வணிகக் கமுக்கம் என்றும், தங்கள் மொழிப்பட்டியலில் தமிழ் இல்லை என்றும் இரண்டே வரியில் விடை வந்தது. பொறிக்கு விலை கொடுத்தவர்கள் நாங்கள். நசுங்கிய விரலும் எங்களுடையது. சொல் மட்டும் அவர்களுடையது! முடிவில் தமிழ்த்தாளைப் பொறியின் பக்கவாட்டில் பசையிட்டு ஒட்டினோம். எண்ணெய் பட்டு மூன்று திங்களில் அது கிழிந்துபோயிற்று.

அந்நாளில்தான் இரிச்சர்டு சுடால்மன் என்னும் அமெரிக்க நிரலரின் வரலாற்றைப் படித்தேன். மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை அறிவாய்வகத்தில் பணியாற்றியவர் அவர். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், உரியவர்களின் திரைக்குச் செய்தி செல்லுமாறு நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980-ஐ ஒட்டி சீராக்சு நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி வந்தது, ஊற்றுநிரல் வரவில்லை. அந்நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டபொழுது, எவருக்கும் தருவதில்லையென ஒப்பமிட்டிருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். தாள் சிக்கும் அச்சுப்பொறி சிறிய செய்திதான். ஆயினும் அம்மறுப்பு அவரை உறுத்திற்று. 1983 செபுதம்பர் 27-ஆம் நாள் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1984 சனவரியில் வேலையைத் துறந்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எக்காரியத்துக்கும் இயக்கலாம், ஊற்றைப் படித்துத் திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்குத் தரலாம், திருத்தியதையும் பரப்பலாம் என்னும் நான்கு உரிமைகளைக் காக்கும் பொது உரிமம் 1989-இல் வெளிவந்தது. பின்லாந்து மாணவர் இலைனசு தோர்வால்சு 1991-இல் எழுதத் தொடங்கிய இலினக்சு, அடுத்த ஆண்டே அவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

இங்கே தமிழர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் விடுதலையுடையது என்பதற்கும் விலையில்லாதது என்பதற்கும் ஒரே சொல்தான். அச்சொல்லால் விளைந்த குழப்பத்தை விளக்கி விளக்கியே சுடால்மன் காலங்கழித்தார். 1998-இல் வேறொரு குழுவினர் திறவூற்று என்னும் பொருள்படும் புதுப்பெயரைப் படைத்தனர். அப்பெயரோ உரிமையைச் சொல்லாமல் ஊற்றை மட்டும் சொல்வதென அவர் அதை ஏற்கவில்லை. நமக்கு அவ்விடர் இல்லை. கட்டற்ற மென்பொருள் என்றால் கட்டு இல்லாதது; அதற்கு விலை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இனி, இந்நெறியில் தமிழர் செய்தது என்ன? 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, எவரும் படியெடுக்கலாமென இணையத்தில் இட்டனர். நம் காஞ்சியின் பெயரால் இலினக்சு பயனர் குழு ஒன்று உண்டு. அதில் உழைத்துவரும் மென்பொருள் பொறியாளர் த. சீனிவாசன், 2012 சனவரியில் கணியம் என்னும் மின்னிதழைத் தொடங்கினார். கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிப்பது அதன் நோக்கம். அதில் வரும் கட்டுரைகளையும் எவரும் படியெடுத்துப் பகிரலாம். நாட்டுடைமையான நூல்கள் 2,000-க்கும் மேற்பட்டவற்றை எழுத்துணரிவழித் தேடத்தக்க எழுத்தாக்கித் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றிய பணிக்கும் அவர் எழுதிய கட்டற்ற கருவியே உதவிற்று. நம் மொழிஞாயிறு பாவாணரின் நூல்களும் அவ்விடத்தில் உள்ளன. ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அக்கருவி கட்டற்றது, அது எழுத்தை உணர்வதற்குப் பயன்படுத்தியதோ கூகிளின் பூட்டிய ஏந்து. அங்கே நம் வேலை இன்னும் மிச்சமிருக்கின்றது.

அரசுத்துறையிலும் ஒருவர் முயன்றார். தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர், 2007-ஐ ஒட்டி அவ்வலுவலகக் கணிப்பொறிகளை இலினக்சுக்கு மாற்றினார். அவர் அப்பொறுப்பிலிருந்து நீங்கியபின் அம்முனைப்புத் தளர்ந்தது. அண்டையிலுள்ள மலையாளத்தார் தம் அரசுப் பள்ளிகளிற் கட்டற்ற மென்பொருளையே பயிற்றுகின்றனர். நமக்கு மட்டும் ஒருவர் இடம் மாறினால் கொள்கையும் இடம் மாறுகின்றது!

தொழிலகங்கள் நம் மண்ணில் இருக்கின்றனவே, அது போதாதா என்பார் உளர். திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலையை நினையுங்கள். 2014 ஏப்பிரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டு வாங்கிற்று. வரிச் சிக்கலில் இருந்த இவ்வாலையை மட்டும் விட்டுவிட்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆலை நின்றது. வடிவமைப்பும் நிரலும் விற்பனைக்குப் போயின. கட்டடமும், வேலையிழந்த நம் பிள்ளைகளும் இங்கேயே இருந்தனர்.

பூட்டிய மென்பொருளிலும் தமிழ் வந்துவிட்டதே என்றும் கேட்பர். வந்தது, மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தமிழ் என்பதை முடிவு செய்பவர் யார்? அச்சிடு என்று வேண்டும் இடத்தில் பிரிண்ட் என்று அந்நிறுவனம் எழுதினால், நாம் விண்ணப்பம் போடலாம்; அதற்குமேல் ஒன்றும் செய்யவியலாது. கட்டற்ற மென்பொருளிலோ அச்சொற்பட்டியல் எவர்க்கும் திறந்திருக்கும். கோப்பு, உலாவி, அடைவு முதலிய சொற்களைத் திரையிலே ஏற்றி நிலைநிறுத்தியதில் ஊதியமின்றி இரவெல்லாம் உட்கார்ந்த தமிழாக்கத் தன்னார்வலர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களுட் பலர் நிரலர்கள். தமிழ்ப்புலமை தங்களுக்குப் போதவில்லையென வருந்துபவர்கள். புலமையுடைய நீங்களோ வெளியே நின்று, திரையில் தமிழ் கெட்டது என்று கண்டிக்கின்றீர்கள்.

கூட்டம் முடிந்தபின் பின்வரிசை மேசைக்கு வாருங்கள். இரண்டு கணிப்பொறிகள் வைத்திருக்கின்றோம். இலிபர் ஆபிசு என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளின் சொற்பட்டியல் அவற்றில் உள்ளது. தட்டெழுதத் தெரியவேண்டுவதில்லை, சொல்லைச் சொல்லுங்கள், எங்கள் இளைஞர்கள் இட்டுக்கொள்வர். பாவாணர் நூல்களைக் கரைத்துக் குடித்த பெரியவர்கள் முதல் இருக்கையில் அமரவேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றேன்.