மஞ்சளும் வேம்பும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இல்லங்களில் முதல் மருந்து அடுக்களையிலிருந்தே வருவது. அம்மை கண்டால் வேப்பிலை, அடிபட்டால் மஞ்சட்பற்று, காமாலை கண்டால் கீழாநெல்லி. இவற்றுள் மஞ்சள், வேம்பு என்னும் இரண்டைப் பற்றி மட்டும் யாம் இன்று பேசப் புகுகின்றோம். நம்மவர் கையில் மிகுதியாய்ப் பழகுவன அவையே; மிகுதியாய்ப் பிழைபடுவனவும் அவையே.

முதற்கண், தொற்று வேறு, அழற்சி வேறு. கிருமி உடம்பினுட் புகுந்து பெருகுதல் தொற்று. அதனை எதிர்த்து உடம்பு தானே நடத்தும் போர் அழற்சி. சிவத்தல், வீங்குதல், வெப்பங் கொள்ளுதல், வலித்தல் ஆகிய நான்கும் அதன் குறிகள். சுளுக்கிய காலிலும் இந்நான்கும் உண்டு. அங்குக் கிருமி இல்லை. ஆதலின் வீக்கம் வற்றியது கண்டு கிருமி மாண்டது என்று துணிதல் கூடாது. இவ்வேறுபாட்டை அறியாமையே நம் வீட்டு வைத்தியத்தின் பெருங்குறை என்பது எம் கருத்து.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் என்னும் சத்து 1815-ம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அஃது அழற்சியைத் தணிப்பதும் சில கிருமிகளை அடக்குவதும் மெய்யே. ஆனால் உண்ட குர்க்குமின் குடலினின்று இரத்தத்தில் ஏறுவது மிகச் சிறிது. 1998-ல் பெங்களூர் ஆய்வாளர் 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் சத்து 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ஏறும் அளவு பன்மடங்காயிற்று. பாலில் மஞ்சளோடு மிளகையும் இட்ட பாட்டிமாரை இங்கு வணங்கலாம். எனினும் மஞ்சட்பொடியில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்களவே. 2 கிராம் பெற அறுபது கிராம் பொடிக்கு மேல் வேண்டும்! ஒரு சிட்டிகை இட்ட பால் தொண்டைக்கு இதம், நிமோனியாவுக்கு மருந்தன்று.

புறப்பூச்சின் நிலை வேறு. வேம்பும் மஞ்சளும் அரைத்துச் சொறிசிரங்குக்குப் பூசிய 814 பேரில் நூற்றுக்கு 97 பேர் 3 முதல் 15 நாட்களுள் குணமடைந்தனர் என 1992-ல் ஒரு முதனிலை ஆய்வு வெளிவந்தது. மஞ்சளால் புண்ணாற்றுதற்கு அமெரிக்காவில் 1995-ல் வழங்கிய காப்புரிமையும், நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய சான்றுகளைக் காட்டி எதிர்த்தமையால் 1997-ல் நீக்கப்பெற்றது. பெருமைதான், ஆயின் அதனால் மஞ்சளின் வலிமை இம்மியும் கூடிவிடவில்லை. ஆழ்ந்த குத்துக்காயத்தில் அதனை அடைத்துக் கட்டுதல் தகாது. காற்றுப் புகாத புண்ணே தனுர்வாயுக் கிருமிக்கு உகந்த இடம். அங்கு வேண்டுவது கழுவுதலும் தடுப்பூசியும். நீரிழிவுடையோர் காற்புண்ணுக்குப் பற்றிட்டுக் காத்திருத்தலும் கொடிது. வலி தோன்றாமையால் ஆறுகிறதென மயங்கிக் காலையே இழந்தோர் பலர்.

நிற்க. எம்மை இன்று பேச வைத்தது வேப்பெண்ணெய். பச்சிளங் குழந்தைக்குச் சளி, மாந்தம், பூச்சி என்று கூறி அதனைப் புகட்டும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் உளது. இங்ஙனம் புகட்டப்பெற்ற சிசுக்கள் வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு ஆகியவற்றால் தாக்குண்டதை 1981-ல் மலேசியாவினின்று மருத்துவர்கள் எழுதினர். ஈரலும் மூளையும் கெடும் இந்நஞ்சினால் இறப்பும் நேர்வதுண்டு. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் பின்னர் இதனைக் கண்டுள்ளனர். வேப்பிலையைத் தொட்டிலிற் செருகுவதால் தீங்கில்லை. எண்ணெயோ விதையினின்று வருவது. இலையின் இயல்பு கொண்டு எண்ணெயை அளத்தலாகாது.

"எங்கள் பாட்டி ஒன்பது பிள்ளைகட்கும் புகட்டினாள், ஒன்பதும் நலமே" என்று தாய்மார் சிலர் எம்மிடம் கூறினர். பிழைத்த பிள்ளைகளின் கதையே வீட்டில் வழங்கும். இழந்தவர் வலிப்பைக் கண்டு மாந்தம் என்றெண்ணி அடங்கினர்; எண்ணெயின் மேல் எவரும் ஐயங் கொள்ளவில்லை.

ஆகவே, சிசுக்களுக்கு வேப்பெண்ணெய் புகட்டுவதில்லை என்று இக்கூட்டத்துத் தாய்மார்கள் இன்றே தீர்மானஞ் செய்யுமாறு வேண்டுகின்றோம். எவர் இல்லத்திலேனும் புகட்டிவிட்டால், குறி தோன்றும்வரை காத்திராமலும், வாந்தி எடுப்பிக்க முயலாமலும், குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. புகட்டிய நேரத்தையும் அளவையும் அச்சத்தால் மறைக்காது மருத்துவரிடம் கூறுக. எண்ணெய்ச் சீசாவையும் உடன் எடுத்துச் செல்க.