ரத்தம் யாருடையது?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியது)

அந்தரங்கம் என்பது கதவும் தாழ்ப்பாளும் உள்ளவனோட பிரச்சினைன்னு ஒரு காலத்தில் நானும் நினைத்தவன்தான். ஹவாசுபாய் மக்களின் கதை அந்த நினைப்பை உடைத்தது.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் சிறிய பழங்குடி அவர்கள். சர்க்கரை நோய் அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுக்க வந்தார்கள். நோய்க்கு வழி பிறக்கும்னு நம்பி மக்கள் கையை நீட்டினார்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவு பற்றியும், உறவுக்குள் மணப்பது பற்றியும், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்றும் ஆராய்ச்சி நடந்தது. 2003இல்தான் மக்களுக்கு விஷயம் தெரிந்தது. வழக்காடினார்கள். 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் தரவும், மிச்சமிருந்த ரத்தத்தைத் திருப்பித் தரவும் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

கையெழுத்து வாங்கலையான்னு கேட்பீங்க. வாங்கினாங்க. ஆனா படிவத்தை எழுதினது யாரு? அங்கேதான் அதிகாரம் உட்கார்ந்திருக்கு.

கனடாவின் பூர்வகுடிகள் 1998இல் தொடங்கி நான்கு விதிகளை வகுத்தார்கள்: எங்கள் தகவல் எங்களுக்குச் சொந்தம், கட்டுப்பாடு எங்களிடம், பார்க்கும் உரிமை எங்களுக்கு, வைத்திருப்பதும் நாங்களே. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்குத் தாங்களே ஒழுக்கவிதி எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே என்ன நடந்தது? 2019ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்பு மசோதா, சாதி, பழங்குடி விவரங்களைத் தனிக் கவனம் வேண்டிய தகவலாக வைத்திருந்தது. 2023இல் வந்த சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. வாடகைக்கு வீடு தேடுற தலித்துக்குச் சாதிப்பெயரும் ஃபோன் நம்பரும் ஒண்ணா?

சாதியை மறைக்கச் சொல்லலை. கணக்கில்லாமல் இடஒதுக்கீடு இல்லை. வன்கொடுமையை நிரூபிக்கவும் முடியாது. ஆனா அந்தக் கணக்கை யார் பார்க்கலாம், எதுக்குப் பயன்படுத்தலாம், தப்பு நடந்தா எங்கே, எந்த மொழியில முறையிடலாம் என்று திட்டம் போடும்போதே சேரிப் பெண்களும் பழங்குடிகளும் அங்கே உட்காரணும். முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது சடங்கு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாணவனாக இருந்தப்போ நானும் வினாத்தாளோடு சேரிகளுக்குப் போனேன். மோர் கொடுத்து, உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்தத் தாள்கள் என்ன ஆச்சுன்னு திரும்பிப் போய் நான் சொல்லவே இல்லை. அடுத்த மாதம் கள ஆய்வுக்குப் போகப்போகிற தோழர்களே, கேள்விகளை எழுதுவதற்கு முன்னாடி அந்த மக்களோடு போய் உட்காருங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா, தாளை மடிச்சு வச்சிருங்க.